இணையத்தில் பந்தயம் கட்டுவோருக்குத் தமிழில் சொல்ல வேண்டியவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையச் சூதாட்டம் பற்றி நம்மவர்களிடையே பேச்சு எழுந்தால், "அந்தப் பக்கமே போகாதே" என்ற அறிவுரையோடு அது பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அந்த அறிவுரையில் பிழை எதுவும் இல்லை. என் வீட்டுப் பிள்ளைகளிடம் நானும் அதையே சொல்வேன். ஆனால், ஏற்கெனவே அந்தப் பக்கம் போய்விட்டவருக்கு, இன்றிரவு வேலை முடிந்து படுக்கையில் சாய்ந்தபடியே கைப்பேசியில் பந்தயம் கட்டப்போகிறவருக்கு, அந்த ஒரு வாக்கியத்தால் பயன் ஒன்றும் இல்லை. அவர் எந்தப் பழக்கங்களைக் கைக்கொண்டால் சம்பளமும் குடும்பமும் தப்பும், எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும், நிறுத்த முடியாமல் போனால் யாரிடம் போய் நிற்கலாம் என்பதையெல்லாம் நம் மொழியில் விளக்கமாகச் சொல்ல வேண்டும். அந்த எண்ணத்தில்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன். கடனில் சிக்கிய குடும்பங்களுக்கு வரவுசெலவுக் கணக்கை ஒழுங்குபடுத்திக் கொடுக்கும் தொண்டூழியத்தில் சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் ஈடுபட்டு வருகிறேன். அங்குக் கண்டவையே நான் இங்குச் சொல்பவற்றுக்கு அடிப்படை.

சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றம் 2023ஆம் ஆண்டில் நடத்திய ஆய்வின்படி, 18 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்வாசிகளில் 40 விழுக்காட்டினர் ஏதாவது ஒரு வகையில் சூதாடியிருந்தனர். 2020ஆம் ஆண்டில் அது 44 விழுக்காடாக இருந்தது. இந்தச் சரிவு ஆறுதல் தருவதுதான். ஆனால் அதே ஆய்வில், சட்டவிரோத இணையத் தளங்களில் சூதாடியோரின் விகிதம் 0.3 விழுக்காட்டிலிருந்து 1 விழுக்காட்டுக்கு ஏறியிருந்தது. சூதாடுவோர் மாதந்தோறும் கட்டும் தொகையின் நடுமதிப்பும் 15 வெள்ளியிலிருந்து 25 வெள்ளிக்கு உயர்ந்திருந்தது. ஆடுவோர் குறைந்திருக்கிறார்கள், ஆனால் ஆடுவோரில் ஒரு பகுதியினர் யாருடைய கண்காணிப்பும் இல்லாத இடத்துக்கு நகர்ந்திருக்கிறார்கள் என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன்.

முன்பெல்லாம் பந்தயம் கட்ட விரும்பியவர் சட்டை மாற்றிக்கொண்டு, மின்தூக்கியில் இறங்கி, சட்டப்படி பந்தயம் பிடிக்கும் சிங்கப்பூர் பூல்ஸ் நிறுவனத்தின் கடைக்கு நடந்து, வரிசையில் நின்று, கையிலிருந்த நோட்டை எண்ணிக் கொடுக்க வேண்டியிருந்தது. கடைக்கு மூடும் நேரம் உண்டு. கையில் இருந்த பணத்துக்கும் ஓர் அளவு உண்டு. 2010ஆம் ஆண்டில் இரண்டு சூதாட்டக் கூடங்கள் திறக்கப்பட்டபோதுகூட, குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே போக நுழைவுக் கட்டணம் செலுத்த வேண்டும் என்று அரசாங்கம் விதித்தது. 2019ஆம் ஆண்டு முதல் அது ஒரு நாளைக்கு 150 வெள்ளி. இவை ஒவ்வொன்றும் ஆசைக்கும் பணத்துக்கும் இடையே ஓர் இடைவெளியை வைத்திருந்தன. நடக்கிற அந்தச் சில நிமிடங்களில் மனம் மாறி வீட்டுக்குத் திரும்பியவர்கள் எத்தனையோ பேர். கைப்பேசி அந்த இடைவெளியை அடியோடு எடுத்துவிட்டது. எடுக்கப்பட்ட இடைவெளியை, மனம் அமைதியாக இருக்கும் வேளையில் நாமே முன்கூட்டித் திரும்ப அமைத்துக்கொள்ள வேண்டும். பாதுகாப்பான பழக்கம் என்று நான் சொல்வதெல்லாம் இதற்குள் அடங்கிவிடும்.

ஒரு தாயார் தம் மகனின் வங்கிக் கணக்கு அறிக்கையை அச்செடுத்து எங்களிடம் கொண்டுவந்திருந்தார். மகனும் உடன் வந்து பக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். சம்பளம் வந்த நாளின் நள்ளிரவுக்குப் பிறகு, பேநவ் எனும் உடனடிப் பணப்பரிமாற்ற வசதி வழி 50 வெள்ளி, மீண்டும் 50, பிறகு 100, 100, 200, 300 எனப் பணம் போயிருந்தது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் பத்து நிமிடங்கள்கூட இல்லை. பெற்றுக்கொண்டவர்களின் இடத்தில் எந்தச் சூதாட்டத் தளத்தின் பெயரும் இல்லை. ஒவ்வொரு வரியிலும் வெவ்வேறு தனிமனிதரின் பெயர் இருந்தது. "இவங்க எல்லாம் யாரு தம்பி?" என்று கேட்டபோது, "தெரியாது அங்கிள், ஏஜண்ட் ஒவ்வொரு தடவையும் வேற நம்பர் கொடுப்பாரு" என்றார். அந்த அறிக்கையில் நான் கவனிக்கச் சொல்வது தொகையை அன்று, நேரத்தை. பகல் பன்னிரண்டு மணிக்கு அந்த இளைஞரிடம் "300 வெள்ளியை முகம் தெரியாத ஒருவருக்கு அனுப்புவாயா?" என்று கேட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பார். இரவு இரண்டு மணிக்கு, 500 வெள்ளியை இழந்த பிறகு, அதே கேள்வியை அவரிடம் கேட்க அங்கு யாரும் இல்லை.

வேகம் என்ன செய்யும் என்பதைக் கணக்கு போட்டுப் பார்த்தால் நன்றாக விளங்கும். நமக்கு நெடுநாள் பழக்கமான ஃபோர் டி குலுக்கில் 0000 முதல் 9999 வரை 10,000 எண்கள் இருக்கின்றன. எல்லா எண்களுக்கும் 'பிக்' முறையில் எண்ணுக்கு ஒரு வெள்ளி கட்டினால் 10,000 வெள்ளி செலவாகும். முதல் பரிசான 2,000 வெள்ளி தொடங்கி ஆறுதல் பரிசான 60 வெள்ளி வரை 23 பரிசுகளையும் சேர்த்தால் திரும்பக் கிடைப்பது 6,590 வெள்ளி. அதாவது, கட்டிய ஒவ்வொரு வெள்ளியிலும் சராசரியாக 34 காசு போய்விடுகிறது. டோட்டோவில் 49 எண்களிலிருந்து ஆறு எண்களைச் சரியாகச் சொல்லும் வாய்ப்பு ஏறக்குறைய ஒரு கோடியே 40 லட்சத்தில் ஒன்று. இவையெல்லாம் ஆடுபவருக்கு மிகவும் பாதகமான விகிதங்களே. இருந்தும் ஃபோர் டி குலுக்கல் வாரத்தில் மூன்று நாள்தான். ஒரு குலுக்குக்கு 10 வெள்ளி கட்டுபவர் வாரத்துக்குச் சராசரியாகப் பத்து வெள்ளியை இழப்பார்.

இணையத்தில் சுழலும் படங்களை வைத்து ஆடும் 'ஸ்லாட்' விளையாட்டை இதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். நூறு வெள்ளிக்கு நான்கு வெள்ளி மட்டும் நடத்துநருக்குப் போகிறது என்றே வைத்துக்கொள்வோம். கேட்பதற்கு ஃபோர் டியைவிட நியாயமாகவே தோன்றும். ஆனால் ஒரு சுழற்சிக்கு ஆறு வினாடி என்றால் ஒரு மணி நேரத்தில் 600 சுழற்சி. சுழற்சிக்கு ஒரு வெள்ளி கட்டினால் 600 வெள்ளி கைமாறுகிறது, அதில் 24 வெள்ளி சராசரியாகக் காணாமல் போகிறது. இரவுக்கு மூன்று மணி நேரம், வாரத்துக்கு ஐந்து இரவு என்று ஆடினால் வாரத்துக்கு 360 வெள்ளி. சட்டவிரோதத் தளங்களில் அந்த நான்கு விழுக்காடுதான் எடுக்கப்படுகிறதா, நாற்பது எடுக்கப்படுகிறதா என்று சரிபார்க்கவும் ஆள் கிடையாது. எனவே, ஆடுபவர் தம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி "எவ்வளவு கட்டுகிறேன்?" என்பதைவிட "மணிக்கு எத்தனை முறை கட்டுகிறேன்?" என்பதாக இருக்க வேண்டும். ஒரு காற்பந்து ஆட்டத்தின் முடிவுக்கு ஒரே முறை பந்தயம் கட்டிவிட்டுக் கைப்பேசியை வைத்துவிடுபவரையும், அதே தொகையைச் சிறிது சிறிதாக இரவு முழுவதும் சுழலவிடுபவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

விட்டதைப் பிடிக்கும் எண்ணமும் இந்த வேகத்தில்தான் கொடுமையாகிறது. "தோற்றால் அடுத்த முறை இரண்டு மடங்கு கட்டு, ஒருமுறை வென்றால் எல்லாம் திரும்பிவிடும்" என்ற யோசனையை இளையர்கள் பெரிய கண்டுபிடிப்பைப் போல என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். 10 வெள்ளியில் தொடங்கி, 20, 40, 80 என்று ஏழு முறை தொடர்ந்து தோற்றால் இழப்பு 1,270 வெள்ளி. எட்டாவது முறை 1,280 வெள்ளி கட்ட வேண்டும். அதில் வென்றாலும் மிஞ்சுவது தொடக்கத்தில் ஆசைப்பட்ட அந்தப் பத்து வெள்ளிதான். வெல்வதும் தோற்பதும் சரிபாதி வாய்ப்புள்ள விளையாட்டில்கூட ஏழு முறை தொடர்ந்து தோற்பதற்கான வாய்ப்பு 128இல் ஒன்று. ஓரிரவில் நூற்றுக்கணக்கான முறை ஆடுபவருக்கு அது எப்போதாவது நேரும் அபூர்வம் அன்று. அவருக்காகக் காத்திருக்கும் ஒன்று. முன்பு நடந்த ஏழு தோல்விகளும் எட்டாவது ஆட்டத்தின் முடிவை எள்ளளவும் மாற்றுவதில்லை என்பதை வீட்டில் கணிதம் தெரிந்த பிள்ளை யாராவது இருந்தால் எடுத்துச் சொல்லட்டும்.

சட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் தேதி நடப்புக்கு வந்த சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, உரிமம் பெறாத நடத்துநரிடம் சூதாடுபவருக்கு 10,000 வெள்ளி வரையிலான அபராதமோ ஆறு மாதம் வரையிலான சிறைத்தண்டனையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். இங்கு இணையவழிப் பந்தயத்துக்கு அனுமதி பெற்றிருப்பது சிங்கப்பூர் பூல்ஸ் மட்டுமே. அதன் இணையக் கணக்கைத் திறக்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். அந்தக் கணக்கில் ஒரு நாளைக்கு எவ்வளவு பணம் போடலாம், எவ்வளவு செலவிடலாம் என்ற வரம்பை நாமே குறித்த பிறகுதான் பந்தயம் கட்ட முடியும். கடனுக்குக் கட்ட முடியாது. சூதாட்டக்கூட விளையாட்டுகளும் அங்கு இல்லை. பாதுகாப்பான பழக்கம் என்ற பேச்சே இப்படிப்பட்ட ஏற்பாடு இருக்கும் இடத்தில்தான் பொருள்படும். சட்டவிரோதத் தளத்தில் வரம்பு வைப்பதாக ஒருவர் தமக்குத்தாமே உறுதி சொல்லிக்கொள்ளலாம். அந்த உறுதியை முறியடிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் மறுமுனையில் இருக்கிறார்கள். அங்கு ஆடுபவர் கைக்கொள்ளக்கூடிய பாதுகாப்பான பழக்கம், அங்கிருந்து வெளியேறுவது ஒன்றுதான்.

தமிழ் வாசகர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சிங்கப்பூர் பூல்ஸில் கிரிக்கெட்டுக்குப் பந்தயம் கட்டும் வசதி இல்லை. ஆகவே, ஐபிஎல் பருவத்தில் இங்கிருந்தபடி இணையத்தில் கட்டப்படும் ஒவ்வொரு பந்தயமும் சட்டத்துக்குப் புறம்பானதே. இதை அறியாமல் இருப்பவர்கள் வெளிநாட்டு ஊழியர்களிடையே நிறையப் பேர். இந்திய நேரப்படி இரவு ஏழரைக்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே இரவு பத்து மணிக்குத் தொடங்குகிறது. வேலை முடிந்து, குளித்து, சமைத்துச் சாப்பிட்டுவிட்டுத் தங்குவிடுதிக் கட்டிலில் சாயும் நேரம் அது. பந்தயம் பிடிப்பவர் பெரும்பாலும் முன்பின் தெரியாதவராக இருப்பதில்லை. அதே விடுதியில் இருக்கும் ஊர்க்காரர் அவர். "அண்ணே, காசு இப்ப வேண்டாம், சம்பளத்தப்போ பாத்துக்கலாம்" என்பார். கையில் இல்லாத பணத்தைக் கொண்டு ஆடவைப்பதே அந்த வார்த்தையின் வேலை. சம்பள நாளில் ஊருக்கு அனுப்ப வேண்டிய தொகையில் பாதி அவரிடம் போய்விடுகிறது. வேலைக்கு வருவதற்காக வாங்கிய கடனின் வட்டி அங்கே ஏறிக்கொண்டிருக்கிறது. இதில் வழக்கு என்று ஒன்று வந்தால் வேலை அனுமதி அட்டையே போகக்கூடும். இந்திய நாடாளுமன்றம் 2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து சட்டம் இயற்றியதும், தமிழ்நாட்டில் ஆன்லைன் ரம்மியால் உயிர்கள் போனதும் இந்த ஊழியர்களுக்குத் தெரியாதவை அல்ல. ஆனால் இங்குள்ள சட்டம் என்ன என்பதை அவர்களுக்குத் தமிழில், விடுதியிலேயே, ஐபிஎல் தொடங்குவதற்கு முன்பே யாராவது சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தீபாவளி இரவில் உறவினர்கள் வீட்டில் கூடிச் சில்லறைக் காசுக்குச் சீட்டாடுவதைச் சட்டம் தடுக்கவில்லை. அதே உறவினர்கள் அவரவர் வீட்டிலிருந்து ஒரு செயலி வழியாகப் பணம் வைத்து ஆடினால் அதற்கு அந்த விலக்கு கிடையாது.

வெல்பவருக்கும் சட்டவிரோதத் தளத்தில் பணம் கிடைப்பதில்லை என்பதைப் பலர் காலம் கடந்தே உணர்கிறார்கள். 'ஃப்ரீ கிரெடிட்' என்று முதலில் கொஞ்சம் இலவசமாகக் கொடுப்பார்கள். திரையில் 2,000 வெள்ளி வென்றதாகக் காட்டும். அதை எடுக்கப் போனால், இன்னும் இத்தனை மடங்குக்குப் பந்தயம் கட்டிய பிறகே எடுக்கலாம் என்ற நிபந்தனை வரும். அல்லது சேவைக் கட்டணம் என்று முதலில் ஒரு தொகையை அனுப்பச் சொல்வார்கள். அனுப்பினால் வேறொரு கட்டணம். இழந்த பணத்துக்கு ஈடாக வங்கிக் கணக்கையோ சிங்பாஸ் எனும் அரசாங்க மின்னடையாள விவரங்களையோ "சில நாள்களுக்குக் கொடு" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். கொடுத்தால், முன்பு நான் குறிப்பிட்ட அறிக்கையில் வரிசையாக இருந்த தனிமனிதர்களின் பெயர்களில் கொடுத்தவரின் பெயரும் சேர்ந்துவிடும். குற்றப் பணம் கைமாறிய கணக்கின் உரிமையாளராகக் காவல்துறையின் முன் அவர் நிற்க வேண்டியிருக்கும். எவ்வளவு நெருக்கடியிலும் இதற்கு மட்டும் உடன்படாதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி, சட்டத்துக்கு உட்பட்டு ஆடுகிறவர்கள் என்னென்ன செய்யலாம்? அளவு என்றால் எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு, கனடாவில் 2021ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட அபாயம் குறைந்த சூதாட்ட வழிகாட்டி ஒரு நல்ல அளவுகோலைத் தருகிறது. குடும்பத்தின் மாத வருமானத்தில், வரி கழிப்பதற்கு முன்னுள்ள தொகையில், ஒரு விழுக்காட்டுக்கு மேல் கட்டக் கூடாது. மாதத்தில் நான்கு நாளுக்கு மேல் ஆடக் கூடாது. இரண்டு வகைக்கு மேற்பட்ட விளையாட்டுகளை வழக்கமாக ஆடக் கூடாது. மாதம் 4,000 வெள்ளி வருகிற குடும்பத்துக்கு அது 40 வெள்ளி. அந்த நாற்பதும் திரும்பி வராது என்று முன்பே கணக்கில் எழுதிவிட வேண்டும். திரைப்படத்துக்குப் போனால் நுழைவுச்சீட்டுக் காசு திரும்பி வருமா என்று யாரும் பார்ப்பதில்லை. பந்தயத்தில் வென்ற பணம் வந்தால் அதை மீண்டும் பந்தயத்தில் போடாமல் எடுத்துவிட வேண்டும்.

வரம்பைக் குறிக்கும் நேரம் முக்கியம். ஆட்டம் தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போது குறிக்கும் வரம்புக்கும், ஞாயிற்றுக்கிழமை காலையில் மின்கட்டணம், பள்ளிச் செலவு, வீட்டுக் கடன் எல்லாவற்றையும் எழுதிவைத்துப் பார்த்த பிறகு குறிக்கும் வரம்புக்கும் பெரிய வேறுபாடு இருக்கும். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து அதைக் குறித்தால் இன்னும் நல்லது.

மிகவும் பயன்படக்கூடிய ஒரு கருவி நம் கைவசம் இருந்தும் அதை இதற்காக யாரும் பயன்படுத்துவதை நான் அதிகம் பார்த்ததில்லை. மோசடிக்காரர்களிடமிருந்து சேமிப்பைக் காப்பதற்காக டிபிஎஸ், ஓசிபிசி, யுஓபி ஆகிய மூன்று உள்ளூர் வங்கிகளும் 2023ஆம் ஆண்டு நவம்பரில் பணத்தைப் பூட்டி வைக்கும் வசதியை அறிமுகப்படுத்தின. பூட்டிய தொகையை இணையம் வழி யாருக்கும் அனுப்ப முடியாது. திறக்க வேண்டுமானால், கைப்பேசியில் விரலால் தட்டுவது போதாது, வெளியே போய் அதற்குரிய சரிபார்ப்பை முடிக்க வேண்டும். சம்பளம் வந்த அன்றே வீட்டுச் செலவுக்கு வேண்டியதை மட்டும் விட்டுவிட்டு மீதியைப் பூட்டினால், இரவு இரண்டு மணிக்கு விட்டதைப் பிடிக்கத் துடிக்கும் கைக்கு எட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. விடிந்து, பல் துலக்கி, வங்கிக்குப் போகும் வழியில் அந்தத் துடிப்பு அடங்கிவிடும். மோசடிக்காரரிடமிருந்து காக்கும் பூட்டு, நம்முடைய நள்ளிரவு மனத்திடமிருந்தும் நம்மைக் காக்கும். இத்துடன் பேநவ் அன்றாடப் பரிமாற்ற வரம்பையும் தேவையான அளவுக்குக் குறைத்துவிடலாம். படுக்கையறைக்குக் கைப்பேசியைக் கொண்டுபோகாமல் கூடத்திலேயே மின்னேற்றுவது சாதாரண யோசனையாகத் தோன்றினாலும், நான் அறிந்த ஒரு குடும்பத்தில் மற்ற எல்லாவற்றையும்விட அதுவே அதிகம் உதவியது.

மது அருந்திய பிறகும், சண்டை போட்ட பிறகும், வேலை போன கவலையிலும் ஆடக் கூடாது. கடன் வாங்கி ஆடவே கூடாது. உரிமம் பெற்ற கடன்கொடுப்போர் வாட்ஸ்அப்பிலும் குறுஞ்செய்தியிலும் விளம்பரம் செய்ய அனுமதி இல்லை என்பதால், கைப்பேசிக்குத் தேடி வரும் "உடனடிக் கடன்" எதுவாக இருந்தாலும் அது கடன் முதலையிடமிருந்து வருவதே. பந்தயக் கடனை அடைக்க அங்கே போனவர்களின் வீட்டுக் கதவில் சிவப்புச் சாயம் ஊற்றப்பட்டதைப் பல புளோக்குகளில் நாம் பார்த்திருக்கிறோம்.

இப்படியெல்லாம் சொல்லிக்கொடுத்தால் அது சூதாட்டத்தை ஊக்குவிப்பது ஆகாதா என்று எங்கள் குழுவிலேயே மூத்த தொண்டூழியர் ஒருவர் கேட்டார். அவருடைய அச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனால் எங்களிடம் வந்த குடும்பங்களில், "அளவோடு ஆடலாம்" என்று யாரோ சொல்லிக் கெட்டவர்களை நான் கண்டதில்லை. தவறு என்று தெரிந்ததால் மறைத்து, மறைத்ததால் கடன் வாங்கி, கடனை மறைக்க மேலும் ஆடிக் கெட்டவர்களே அதிகம். முழுவதும் நிறுத்து என்ற ஒரு வழியை மட்டும் காட்டினால், ஒருமுறை தவறியவர் எல்லாம் போயிற்று என்று முன்பைவிட ஆழமாக இறங்குகிறார். வரம்பு வைத்து ஆட முயல்பவருக்கோ, தம்மால் அந்த வரம்பைக் காக்க முடிகிறதா என்பது ஓரிரு மாதங்களில் தெரிந்துவிடும். முடியவில்லை என்று தெரிந்தால், அது ஒழுக்கக் குறைவால் வந்ததன்று, சிகிச்சை தேவைப்படும் நிலை என்பதை ஏற்றுக்கொள்வது அவருக்கு எளிதாகிறது. சூதாட்டத்துக்கு அடிமையாவதை உலகச் சுகாதார நிறுவனமும் ஒரு கோளாறாகவே வகைப்படுத்தியிருக்கிறது.

அந்த நிலையை அறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் இரண்டு எளிய கேள்விகள் உண்டு. மேலும் மேலும் அதிகத் தொகையைக் கட்ட வேண்டும் என்ற உந்துதல் உங்களுக்கு ஏற்பட்டதுண்டா? எவ்வளவு ஆடுகிறீர்கள் என்பது பற்றி உங்களுக்கு வேண்டியவர்களிடம் பொய் சொல்ல நேர்ந்ததுண்டா? இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் ஒரு நிபுணரிடம் பேசிப் பார்ப்பது நல்லது. தேசிய மன்றத்தின் உதவி எண் 1800-6-668-668. பேசுவது ரகசியமாகவே இருக்கும். சட்டவிரோதத் தளத்தில் ஆடியதால் பயந்து அழைக்காமல் இருப்பவர்கள் இதை முக்கியமாக அறிந்துகொள்ள வேண்டும். புவாங்கோக்கில் உள்ள மனநலக் கழகத்தில் அடிமைப் பழக்கங்களுக்கென்றே தனிப் பிரிவு இயங்குகிறது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் சமாரிட்டன்ஸ் அமைப்பின் 1767 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

சூதாட்டக் கூடங்கள், ஜாக்பாட் இயந்திர அறைகள், சிங்கப்பூர் பூல்ஸ் இணையக் கணக்கு ஆகியவற்றிலிருந்து ஒருவர் தம்மைத்தாமே விலக்கிக்கொள்ள, மன்றத்தின் இணையத்தளத்தில் சிங்பாஸ் வழி விண்ணப்பிக்கலாம். அவரே முன்வராவிட்டால், வாழ்க்கைத்துணை, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோர் குடும்ப விலக்கு ஆணைக்கு மனுச் செய்ய முடியும். இந்த வசதி இருப்பதே நம் தாய்மார்களில் பலருக்குத் தெரியாது. என்னிடம் அறிக்கையோடு வந்த அந்தத் தாயாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

குடும்பத்தாருக்கு இரண்டொரு வார்த்தைகள். மகனோ கணவனோ உண்மையைச் சொல்ல வாயெடுக்கும்போது முதல் ஐந்து நிமிடம் கத்தாமல் கேளுங்கள். எவ்வளவு சிரமமான காரியம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் எழும் கூச்சலால், பாதி உண்மை வெளிவராமலே நின்றுவிடுகிறது. சொன்ன கடன் 6,000 என்றால் சொல்லாத கடன் இன்னும் இருக்கும். அடுத்து, தாலிச்சங்கிலியை அடகு வைத்துக் கடன் முழுவதையும் ஒரே நாளில் அடைத்துவிடாதீர்கள். சுமை இறங்கிய அந்த நிம்மதியே மறுபடி ஆடுவதற்கு இடம் கொடுக்கிறது. கடன் பட்டியலை எழுதி, அவருடைய சம்பளத்திலிருந்து மாதந்தோறும் அவரே அடைக்கும்படி ஒழுங்கு செய்யுங்கள். வங்கிக் கடன் அட்டைக் கடன்களுக்குக் கடன் ஆலோசனைச் சங்கத்தின் உதவியை நாடலாம். சம்பளக் கணக்கைச் சில காலம் மனைவியோ தாயாரோ பார்த்துக்கொள்வதில் அவமானம் எதுவும் இல்லை. அது அவருடைய சம்மதத்தோடு நடக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம்.

ஆசிரியர் அவர்களே, தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். விலக்கு ஆணைக்கு விண்ணப்பிக்கும் முறையையும், வங்கிகளின் பணப்பூட்டு வசதியை அமைக்கும் முறையையும் படிப்படியாக விளக்கும் கட்டுரை ஒன்றைத் தமிழில் வெளியிட வேண்டும். ஐபிஎல் பருவம் தொடங்குவதற்கு இரண்டு வாரங்கள் முன்னதாக அது வந்தால் பயன் பன்மடங்காகும். இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவும் வெளிநாட்டு ஊழியர் நிலையமும் ஆலயங்களும் அதை அச்சிட்டு விநியோகிக்க முன்வர வேண்டும். கட்டுரை வெளிவந்தால், அதன் படிகளை சுங்கை காடுட், கிராஞ்சி வட்டாரத் தங்குவிடுதிகளின் அறிவிப்புப் பலகைகளுக்கு, விடுதி நிர்வாகங்களின் அனுமதியோடு கொண்டுசேர்க்கும் பொறுப்பை எங்கள் குழு ஏற்றுக்கொள்ளும்.

இப்படிக்கு,
தொண்டூழியர் ஒருவர்,
ஈசூன்